தொட்டி மண்ணில் எதைக் கலப்பது?

மாடித்தோட்டக் கடைக்குப் போனால் பெர்லைட், வெர்மிகுலைட், ஜிப்சம், டாலமைட், ராக் பாஸ்பேட் என்று பொட்டலங்கள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றிலும் ஒரு கிலோ வாங்கிப் போட்டால் செடி தழைத்துவிடும் என்று நானும் வருடக்கணக்கில் வாங்கினேன். அதில் பாதி தண்டம். எது வேண்டும் என்பதை வீட்டிலேயே சோதித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

முதலில் தண்ணீர். தொட்டியில் கலவையை நிரப்பி நன்றாக நனையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு லிட்டர் ஊற்றுங்கள். மேலே குளம் கட்டி ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் வேருக்குக் காற்று போதாது. விழுந்த வேகத்தில் அடியில் ஓடி, மறுநாள் மதியமே செடி துவண்டால் ஈரம் தங்கவில்லை.

அடுத்தது வினிகர். காய்ந்த மண் ஒரு ஸ்பூன் எடுத்துச் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. டாலமைட் பக்கமே போக வேண்டாம். வெளிநாட்டு வீடியோக்களில் அதைச் சேர்ப்பதற்குக் காரணம், அவர்களுடைய பீட் மாஸ் புளிப்பானது. நம் தென்னை நார்க்கழிவு அவ்வளவு புளிப்பில்லை. போதாததற்கு, பக்கெட்டில் வெள்ளைக் கறை விடும் போர்த் தண்ணீர் தினமும் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதற்கு மேலும் போட்டால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காது. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

காற்று போதாத தொட்டிக்கு பெர்லைட். எரிமலைக் கண்ணாடிப் பாறையை உடைத்து 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அரிசிப் பொரி போல உப்பிவிடும். சத்து என்று எதுவும் கிடையாது. பத்துப் பங்கு கலவைக்கு இரண்டு பங்கு போதும். மாடிக்கு இது பொருந்த எடையும் ஒரு காரணம்: பெர்லைட் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம், காய்ந்த மணலோ ஒன்றரை கிலோ.

விலை கட்டுப்படியாகாதவர்கள் செங்கல்லைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டுக் கலக்கலாம். அந்தத் தூள்தான் வில்லன். எம் சாண்டிலும் அதே தொல்லை. கழுவாமல் செம்மண்ணோடு சேர்த்தால் இரண்டே மாதத்தில் தொட்டிக்குள் தரை போட்டதுபோல் இறுகிவிடும். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று தலைமுறையாகச் சொல்கிறோம். உண்மையில் மண்ணின் நுண்ணிய துளைகள் நீரைப் பிடித்துக்கொண்டு, பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் எளிதில் விடுவதில்லை. ஜல்லிக்கு மேலேயே சேறு நிற்கும், வேர் மேலேறிய சேற்றில் மாட்டும். ஓட்டையை மூட ஒரே ஒரு ஓட்டுச் சில்லு போதும். கலக்க வேண்டியதை முழுக் கலவையிலும் கலந்துவிடுங்கள்.

ஈரம் தங்காத தொட்டிக்கும் நாற்றுத் தட்டுக்கும் வெர்மிகுலைட். அப்பிரக வகைக் கனிமம். சூட்டில் ஆர்மோனியத் துருத்தி போல விரியும். தண்ணீரோடு பொட்டாசியம், மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக் கொடுக்கும். நம்மூர்ச் சரக்குதான்: திருப்பத்தூர் மாவட்டம் செவ்வாத்தூரில் தமிழ்நாடு கனிம நிறுவனத்துக்குச் சுரங்கம் உண்டு. நட்டபின் கையால் அழுத்தாதீர்கள், மடிப்பு நொறுங்கிவிடும். விதைக்கு, கழுவிய நார்க்கழிவும் இதுவும் சரிபாதி. அடீனியம் போன்ற, ஈரம் ஆகாத செடிக்கு இதைத் தொடவே வேண்டாம்.

நார்க்கழிவு அதிகமுள்ள தொட்டியில் கால்சியம் குறையும். அங்கே ஜிப்சம் நல்லது: கால்சியமும் கந்தகமும் தரும், சுண்ணாம்பு போலக் காரத்தன்மையை ஏற்றாது. பத்து லிட்டர் கலவைக்கு ஒரு மேசைக்கரண்டி. ஆனால் தக்காளியின் அடி கறுத்தால் உடனே ஜிப்சத்தை அள்ளாதீர்கள். ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டாலும் கால்சியம் காய்க்குப் போய்ச் சேராது. ராக் பாஸ்பேட் புளிப்பு மண்ணில்தான் கரையும், போர்த் தண்ணீர் தொட்டியில் சும்மா கிடக்கும்.

பெர்லைட் மூட்டையைப் பிரித்ததும் கொட்டிவிடாமல், உள்ளே ஒரு செம்பு தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கலக்குங்கள். அந்த வெள்ளைத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.