வரப்பு மரங்களை ஒரே விலைக்கு விடலாமா?

கேள்வி: கவரைப்பேட்டை அருகே எனக்கு மூன்று ஏக்கர் நெல் நிலம். வரப்பில் தேக்கும் பனையும் நிற்கின்றன. முக்கால் ஏக்கரில் நான்கு வயதுச் சவுக்கு. மர வியாபாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை பேசி முன்பணம் நீட்டுகிறார். "சிப்காட்டுக்கோ ரோட்டுக்கோ நிலம் போனா மரத்துக்குக் காசு வராது, இப்பவே வெட்டிடுங்க" என்கிறார். வெட்டலாமா ஐயா?

பதில்: முன்பணத்தை வாங்காதீர்கள். அவர் சொன்னதில் பெரிய தவறு கடைசி வாக்கியம்தான். 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, நிலத்தில் நிற்கும் மரங்களையும் அனுபவமுள்ளவர்களைக் கொண்டு மதிப்பிடச் சொல்கிறது. அந்த மதிப்பும் நில மதிப்போடு சேர்ந்து, மொத்தத்துக்கு 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு. அதாவது, 10,000 ரூபாய் மரம் 20,000 ஆகும். தச்சூர்–சித்தூர் ஆறுவழிச் சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலைக்கும் இதே கணக்குத்தான். அளக்க வரும் நாளில் நீங்கள் கூடவே நின்று, மர வகை, எண்ணிக்கை, சுற்றளவு மூன்றும் பதிவாவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய மரத்துக்கு யாரும் இழப்பீடு தர மாட்டார்கள்.

இனி தேக்கு. நெஞ்சுயரத்தில் டேப் பிடித்துச் சுற்றளவு எடுங்கள். வெட்டிய பிறகு கட்டையின் நடுவில் அளப்பதே முறை. சுற்றளவை அடிக்கு மாற்றி நான்கால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, அடிக் கணக்கிலான நீளத்தால் பெருக்கினால் கன அடி. 36 அங்குலச் சுற்றளவும் 12 அடி நீளமும் உள்ள கட்டை 6¾ கன அடி. சுற்றளவு 48 அங்குலமானால் 12 கன அடி. ஓரடி பருத்ததற்கே இவ்வளவு வித்தியாசம். வைரம் ஏற ஏற கன அடி விலையும் கூடும். இன்னொன்று, இந்தக் கணக்கு கட்டையின் உண்மைக் கன அளவில் 78 சதவீதத்தைத்தான் காட்டும். ஏற்கெனவே வியாபாரிக்குச் சாதகமானது. அதற்கு மேலும் 'கழிவு' என்று அவர் குறைத்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பயிருக்கு நிழல் தட்டினால் பக்கக் கிளைகளை மட்டும் கழியுங்கள், மரம் நிற்கட்டும்.

சவுக்கை விற்கலாம், வயது சரிதான். ஆனால் எடைக்கு விடுங்கள். லாரியை வெறுமையாக ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றி, ரசீதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய அன்றே ஏற்றச் சொல்லுங்கள். வயலில் காய்ந்தால் எடை குறைவது உங்கள் கணக்கில்தான் விழும். சாரம் கட்ட ஆகும் நேர்க்கழிகளைப் பிரித்து எண்ணிக்கைக்கு விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். மெல்லிய கிளைகளான மிலாருக்கும் தனி விலை பேசுங்கள். அதைச் சும்மா கொடுத்துவிடுவது நம்மூர்ப் பழக்கம், நல்ல பழக்கமல்ல.

பனையை இந்தப் பேச்சில் சேர்க்கவே வேண்டாம். மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாதென்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்துவிட்டது. அதன் நிழலால் நெல்லுக்குப் பெரிய பாதகமும் இல்லை. நுங்கு இருக்கிறது, பழவேற்காட்டில் ஓலை பின்னும் பெண்களுக்குக் குருத்தோலையும் தேவை.

பின்னாளில் தேக்கை வெட்டும்போது, லாரியில் ஏற்றுவதற்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் போக்குவரத்து அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதை வியாபாரி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.