விதைக்குக் காப்பு, விளைச்சலுக்குக் காப்பு

புரோத்ராபூரிலும் அதனைச் சூழ்ந்த தெற்கு அந்தமான் சிற்றூர்களிலும் பருவமழையின் ஈரத்தில்தான் விதைப்பு தொடங்குகிறது. ஈரம் நெல்லுக்கு நன்மை. ஆயினும் விதையோடு ஒட்டிவரும் பூஞ்சைகளுக்கும் அதுவே நன்மை. ஆதலால் விதை நேர்த்தி குறித்து இவ்விதழில் வாடிக்கையாளர்களுடன் பகிர விழைகிறோம்.

கோதுமை கற்பித்த பாடம்

விதை நேர்த்தியின் அறிவியல் பெரிதும் கோதுமை வயலில் வளர்ந்தது. மயில்துத்தம் கோதுமையின் கரிநோயைத் தடுப்பதை 1807-இல் பிரான்சின் பிரெவோ எடுத்துக்காட்டினார். ஆனால் மற்றொரு வகையான கரிப்பூட்டை நோயின் கிருமி விதையின் கருவுக்குள்ளேயே உறங்குகிறது. விதையின் மேற்பூச்சு அதனை எட்டாது. கதிர் வெளிவரும்போது மணிகளுக்குப் பதிலாகக் கரும்பொடியே காணப்படும். 1930-களில் பஞ்சாபின் லூத்ரா, கோடைக் காலையில் விதையை நான்கு மணி நேரம் நீரில் ஊறவைத்துப் பின்னர் கடும் வெயிலில் உலர்த்தும் எளிய முறையைக் கண்டார். 1960-களில் வந்த கார்பாக்சின், விதைக்குள் ஊடுருவி அந்நோயை அடக்கியது.

இங்கு ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். மருந்து விளைச்சலைப் படைப்பதில்லை, இழக்கவிருந்ததைக் காக்கிறது. அளவு மிகுந்தால் தீங்கும் உண்டு. டெபுகோனசோல் போன்ற மருந்துகள் முளையின் நீட்சியைக் குறைக்கக்கூடும். அத்தகைய விதையை ஆழமாக ஊன்றினால் முளை மண்ணுக்கு மேல் வரத் திணறும்.

நம் நெல்லுக்கு

முதலில் உப்புக்கரைசலில் விதையை இட்டு, மிதக்கும் பதரை நீக்குக. மூழ்கிய விதையை நன்னீரில் இரண்டு மூன்று முறை கழுவுக. பின்னர் ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் கார்பன்டசிம் கலந்து, பத்து மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்துவிடுக. இது குலைநோய் முதலியவற்றிலிருந்து நாற்றுக்கு ஏறத்தாழ 40 நாள் காப்பளிக்கும். 40 கிலோ விதைக்கு 80 கிராம் மருந்தே போதும்.

இரசாயனத்தை விரும்பாதோர், கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலவையைப் பயன்படுத்தலாம். இரண்டையும் ஒன்றாகக் கலத்தலாகாது. பூஞ்சைக்கொல்லியால் நன்மை செய்யும் நுண்ணுயிரும் கெடக்கூடும். தங்கள் வயலுக்கு உரிய முறையை, காராச்சர்மாவில் இயங்கும் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடமோ வேளாண் துறை அலுவலரிடமோ கேட்டறிக.

மறக்கலாகாத எச்சரிக்கை

1971-இல் ஈராக்கிற்கு விதைக்கென அனுப்பப்பட்ட கோதுமை, பாதரச மருந்து பூசப்பட்டதாக இருந்தது. எச்சரிக்கை அந்நாட்டார் அறியாத மொழியில் இருந்தது. சாயத்தைக் கழுவிவிட்டால் நஞ்சும் போய்விடும் எனப் பலர் நம்பி, ரொட்டியாக்கி உண்டனர். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் இறந்தனர். உணவுத் தானியத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் தீவுகளில், எஞ்சிய விதைநெல்லைச் சோற்றுக்கோ கோழித் தீவனத்திற்கோ எடுக்கும் எண்ணம் எழுதல் இயல்பே. அதற்கு ஒருபோதும் இடமளியாதீர். தேவையான அளவே நேர்த்தி செய்க, கையுறை அணிக, மருந்துப்பையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க.

கிசான் கடன் அட்டையின் பயிர்க்கடன், விதை முதலான சாகுபடிச் செலவுக்கென அமைந்தது. அதில் மிகச் சிறிய பங்கே விதை நேர்த்திக்குச் செலவாகும். அச்சிறு செலவு, எஞ்சிய முதலீடு முழுவதற்கும் அரணாக நிற்கும் என்பதே எம் கருத்து.