எஞ்சின் மூடியின் காற்றுவாய்கள்

1964ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. மோட்டார் வண்டியின் எஞ்சின் மூடிமீதுள்ள இரு காற்றுவாய்களும் வெறும் அலங்காரமே. காற்று உட்புக வழியில்லை. எஞ்சின் மிகையாகச் சூடேறுகிறதென்று அவற்றைத் திறந்துவிடுவோர் உளர். விளைவு நேர்மாறாகவும் கூடும். ரேடியேட்டரின் முன்புறத்தைவிடப் பின்புறத்தில் அழுத்தம் குறைந்திருந்தால்தான் காற்று அதனூடே பாயும். மேலிருந்தும் காற்றுப் புகுமாயின், மூடியின்கீழ் அழுத்தம் உயர்ந்து அப்பாய்ச்சல் தளரும். வேண்டுவது வெப்பக் காற்று வெளியேறும் வழியே. அதனை முன்கண்ணாடியின் அடியில் அமைத்தலாகாது. விரைந்தோடும் வண்டியில் அங்கு அழுத்தம் மிகுதி. 1970ஆம் ஆண்டின் ஷெவர்லே ஷெவெல் வண்டிகள் சிலவற்றில் கார்புரேட்டருக்குரிய காற்று அங்கிருந்தே எடுக்கப்பட்டது! மூடியின் முன்விளிம்பை அடுத்த பகுதியில் அழுத்தம் பொதுவாகத் தாழ்ந்திருக்கும். நிறநீர் கொண்ட ‘ப’ வடிவக் குழாயின் ஒரு முனையை மூடியின் மேற்புறத்தோடும், மற்றதை உட்புறத்தோடும் ரப்பர் குழாயால் இணைத்து வண்டியை ஓட்டினால், நீர் உயரும் பக்கமே அழுத்தம் குறைந்ததெனத் தெளியலாம். தகட்டை வெட்டுவது அதன் பின்னரே.