கோரை

காவிரி, தாமிரபரணி ஆகிய ஆறுகளின் கரையோரங்களில் கோரை செழித்து வளர்கின்றது. அது தோற்றத்தில் புல்லைப் போன்றது. எனினும் புல்லினத்தைச் சார்ந்ததன்று. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு, கணுக்களுடன் இருக்கும். பாய்க்கோரையின் தண்டோ கணுவின்றி, முப்பட்டையாய், உள்ளீடு நிறைந்து விளங்கும்.

கோரை பயிரிடுவோர் விதைப்பதில்லை. நிலத்தை நன்கு உழுது, கோரைக் கிழங்கை நடுவர். மண்ணில் ஈரம் குறையலாகாது. களை மிகுந்தால் தண்டுகள் நலியும். ஆதலின், களை பறித்தல் இன்றியமையாதது. வளர்ந்த தண்டுகளை அறுக்கும்போது, மண்ணிலுள்ள கிழங்குக்கு ஊறு நேராமல் காப்பர். கிழங்கிலிருந்து மீண்டும் முளைகள் எழும். இங்ஙனம் ஒருமுறை நட்ட வயல் பல ஆண்டுகள் பயன் தரும்.

அறுத்த கோரையைக் கிழித்து உலர்த்திப் பாய் நெய்வர். புகழ்பெற்ற பத்தமடைப் பாயும் கோரையால் ஆயதே. ஆறு வற்றினால் கோரை வாடும்; கோரை வாடினால் நெய்வோர் வாழ்வும் வாடும். ஆதலின், ஆற்றைக் காத்தல் அத்தொழிலைக் காத்தலேயாம்.