ஆட்டுக்குச் சினை ஊசி போடப் போகும் தங்கைக்கு



உன் நிலையத்தில் இனி வெள்ளாட்டுக்கும் சினை ஊசி போடப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல சேதி. நம் ஊர்களில் நன்றாக வளரும் ஆண் குட்டிதான் முதலில் சந்தைக்குப் போகிறது. விலை போகாமல் மிஞ்சிய நோஞ்சான் கிடாதான் தெரு ஆடுகளுக்கெல்லாம் அப்பன். உறைவிந்து வந்தால் அது கொஞ்சம் மாறும்.

மாட்டுக்குப் போட்டுப் பழகிய கைதானே, ஆடு என்ன பெரிய விஷயம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. மாட்டில் ஆசனவாய் வழியே கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொள்கிறோம். ஆட்டில் அதற்கு இடமில்லை, கண்ணால் பார்த்துத்தான் போட வேண்டும். அதற்கும் முன்னால், நைட்ரஜன் கேனின் வாயிலேயே பாதிக் காரியம் கெட்டுவிடும்.

கேனுக்குள் மைனஸ் 196 டிகிரி. விந்து அடைத்த குச்சியோ 0.25 மில்லி மட்டுமே பிடிக்கிற ஒல்லிக் குழாய். குச்சிகள் இருக்கும் கேனிஸ்டரை வெளியே தூக்கிவைத்து எந்தக் கிடாவின் குச்சி என்று நீ தேடிக்கொண்டிருந்தால், கையில் எடுத்த குச்சிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, அதை உடனே உருக்கிவிடுவாய். திரும்ப உள்ளே போகிற மற்ற குச்சிகள்தான் கெடும். சூடேற ஏற உள்ளிருக்கும் நுண்ணிய பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி விந்தணுவின் சவ்வைக் கிழித்துவிடும். மறுபடி நைட்ரஜனில் இறக்கியதும் குச்சி பழையபடியே இருக்கும். நிறமும் மாறாது, எழுத்தும் அழியாது. மூன்று வாரம் கழித்து ஆடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். பழி ஆட்டின் மேல் விழும்.

அதனால் எந்தக் கிடா எந்தக் கேனிஸ்டரில் என்று ஓர் அட்டையில் எழுதிக் கேனிலேயே கட்டிவிடு. கேனிஸ்டரைக் கழுத்துக்குள்ளேயே, உறைபனிக் கோட்டுக்குக் கீழே நிறுத்தி, நீள இடுக்கியால் எடு. எட்டு நொடிக்குள் கிடைக்காவிட்டால் இறக்கிவிடு. சற்றுப் பொறுத்து மறுபடி தூக்கு.

உருக்குவதற்கு 37 டிகிரி வெந்நீர், 30 நொடி. விரலை விட்டுப் பார்ப்பது கணக்கில்லை, தெர்மாமீட்டர் வை. சட்டைப் பையில் போட்டும் உள்ளங்கையில் உருட்டியும் உருக்குகிறவர்களை நீ பார்ப்பாய். பார்த்துவிட்டு வந்துவிடு. எடுத்த குச்சியை ஈரம் போகத் துடைத்த பிறகே வெட்டு; தண்ணீர் பட்டால் விந்தணு சாகும். உருக்கியது குளிர்ந்துவிடக் கூடாது என்று பாடப்புத்தகம் சொல்லும், சரிதான். ஆனால் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் கிடந்த, சினை ஊசி போடும் ஏஐ கன் சுடச்சுட இருக்குமே, அதையும் நினைத்துப் பார். கன்னைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் குச்சியைப் போடு.

வெள்ளாட்டு விந்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. கிடாவின் ஒரு சுரப்பியில் ஊறும் நொதி, விந்தை உறைய வைக்கச் சேர்க்கும் முட்டை மஞ்சள் கருவோடு சேர்ந்து விந்தணுவையே கெடுக்கும். பல ஆய்வகங்களில் விந்தைக் கழுவித்தான் உறைய வைக்கிறார்கள். அவ்வளவு பட்டு வருகிற சரக்கு, நம் கையில் மேலும் படக் கூடாது.

ஆடு எப்போது கத்தத் தொடங்கியது என்று வளர்க்கிற அம்மாவிடம் கேள். வாலாட்டம், கத்தல் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். பருவம் ஒரு நாள், ஒன்றரை நாள் நிற்கும். தொடங்கி 12 முதல் 18 மணி நேரத்துக்குள் போடு. வழும்பு கண்ணாடி மாதிரி இருந்தால் பொறு, கலங்கி வரும்போது போடு. பின்னங்காலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஸ்பெகுலத்தை வெதுவெதுப்பாக்கி, டார்ச் அடித்துக் கருப்பை வாயைத் தேடு. மடிப்பு மடிப்பாக இருக்கும். கன்னை மெல்லத் திருகி எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு போ. உறைவிந்துக்கு ஆழம் நல்லதுதான், ஆனால் முரட்டுத்தனம் வேண்டாம். விந்தை மெதுவாகத் தள்ளு.

கிடாவோடு சேர்த்தால் பிடிக்கிற அளவுக்கு இதில் பிடிக்காது என்பதை ஊசி போடும் முன்பே அந்த அம்மாவிடம் சொல்லிவிடு. 21 நாள் கழித்துச் சொன்னால் சாக்கு என்றுதான் நினைப்பார்.

கேனைக் காரில் ஏற்றினால் ஜன்னலைத் திறந்து வை. ஒரு லிட்டர் நைட்ரஜன் ஆவியானால் 700 லிட்டர் அளவுக்கு வாயுவாகும், வாசனையே இருக்காது. கேனில் நைட்ரஜன் அளவு பார்க்க மர ஸ்கேல் போதும். உள்ளே துவாரமுள்ள குழாயை விடாதே, நைட்ரஜன் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

அன்புடன்,
அண்ணன்