அவுட்லுக்கில் துணைநிரலைப் பதிவுசெய்தல்

சிறுதொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் பலர், விலைப்பட்டியல்களை அலுவலகக் கணினியிலுள்ள அவுட்லுக் வழியாகவே அனுப்புகின்றனர். வரும் அஞ்சலிலிருந்து நேரே கணக்கேட்டில் பதிவதற்கென, மென்பொருள் வல்லுநரைக் கொண்டு தனித் துணைநிரல் எழுதுவித்துக்கொள்வோரும் உளர். நிரலைக் கணினியில் வைத்துவிட்டால் மட்டும் அவுட்லுக் அதனை அறியாது, பதிவுசெய்தல் வேண்டும்.

பழைய அவுட்லுக்கிற்குரிய காம் வகைத் துணைநிரல்கள் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகின்றன. அதில் 'கரன்ட் யூசர்' பகுதியின்கீழ் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆஃபீஸ், அவுட்லுக், ஆடின்ஸ் என வரிசையாகச் சென்றால், ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஓர் உட்பிரிவு இருக்கும். நிரலின் பெயரும் விளக்கமும் அங்கே எழுதப்படும். அவற்றினும் முதன்மையானது 'லோட் பிஹேவியர்' என்னும் எண். அது 3 எனில், அவுட்லுக் திறக்கும்போதே நிரலும் இயங்கும். இயங்குவதில் பிழை நேர்ந்தால் அவ்வெண் 2 ஆக மாறிவிடுவதுண்டு. வல்லுநர் நிறுவிச் சென்ற மறுநாளே பொத்தானைக் காணவில்லை என்போர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். அவுட்லுக் 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் வல்லுநரிடம் முன்னரே கூறிவிடுதல் நன்று; விண்டோஸ் எதுவென்பது இங்கே போதாது.

'லோக்கல் மெஷின்' பகுதியில் பதிவுசெய்தால் கணினியின் பயனர் அனைவருக்கும் நிரல் கிட்டும். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். 'கரன்ட் யூசர்' பதிவுக்கோ அவ்வுரிமை தேவையில்லை. எளிமைதான், ஆயின் தீய நிரலுக்கும் அதே வாயில் திறந்திருக்கிறது. அவுட்லுக்கினுள் இயங்கும் காம் நிரலால் அஞ்சலைப் படிக்கவும் உங்கள் பெயரில் அனுப்பவும் இயலும். விலைப்பட்டியலிலுள்ள கணக்கு எண்ணை மாற்றிவிட அதற்குமேல் என்ன வேண்டும்?

ஆகவே ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆடின்ஸ் எனச் சென்று, வெளியிட்டவர் பெயரையும் கோப்பு இருக்கும் இடத்தையும் அவ்வப்போது பாருங்கள். அறியாத நிரல் இருப்பின், கீழேயுள்ள 'மேனேஜ்' பட்டியலில் காம் ஆடின்ஸைத் தேர்ந்து, 'கோ'வை அழுத்தி, அதன் குறியை நீக்கலாம். 'லோக்கல் மெஷின்' பதிவாயின் நிர்வாகியால் மட்டுமே நீக்க முடியும். புதிய அவுட்லுக்கில் காம் நிரல்கள் இயங்கா. அங்கே இணையவழித் துணைநிரல்களே செல்லும்.

நம் இணைய வங்கிச் சேவைக்கு அவுட்லுக் துணைநிரல் எதுவும் தேவையில்லை. வங்கியின் பெயரால் ஒன்று வந்தால் நிறுவாதீர்கள். விலைப்பட்டியலில் கணக்கு எண் மாறியிருந்தால், ஏற்கெனவே நீங்கள் அறிந்த தொலைபேசி எண்ணில் விற்பவரை அழைத்துக் கேட்டபின் பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டதாயின், தாமதியாது 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணையும் உங்கள் கிளையையும் அழையுங்கள்.