மேலவைத் தேர்தல்

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் திரிகூட மலையில் மழை பொழிகின்றது, சிற்றாறு பெருகுகின்றது. ஆயினும் குற்றாலப் பேரருவியின் நீர் உச்சியிலிருந்து நேரே தரையில் வீழ்வதில்லை. இடையே பாறையில் அமைந்த ஆழமான பள்ளம் ஒன்று அதனை ஏற்றுக்கொள்கின்றது. அதற்குப் பொங்குமாங்கடல் என்று பெயர். அங்கே வேகம் தணிந்த பின்னரே நீர் பொங்கி வழிந்து கீழே இறங்குகின்றது. ஆதலால் வெள்ளம் மிகாத நாள்களில் தென்காசியிலிருந்தும் தொலைவிடங்களிலிருந்தும் வருவோர் அருவியின் கீழ் நின்று இன்பமாக நீராடுகின்றனர்.

சட்டம் இயற்றும் இடத்திலும் வேகத்தைத் தணிக்கும் அமைப்பு ஒன்று வேண்டும் என்று அறிஞர் பலர் கருதினர். உணர்ச்சி மேலோங்கிய வேளையில் ஓர் அவை விரைந்து செய்யும் முடிவை, மற்றோர் அவை அமைதியாக மீண்டும் ஆராய்தல் நலம் என்பது அவர்தம் கொள்கை. அவ்வாறு ஆராய அமைந்த இரண்டாம் அவையே மேலவையாகும்.

சென்னை மாகாணத்தில் தொடக்கத்தில் இருந்த சட்டமன்றம் ஓர் அவையே உடையது. 1919ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின், 1920இல் அதற்குத் தேர்தல் நடைபெற்றது. குற்றாலத்தில் வாழ்ந்து தமிழ்ச் சுவையைப் பலர்க்கும் ஊட்டிய ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் அம்மன்றத்தின் உறுப்பினராக இருந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதன் முதற்பெண் உறுப்பினராகித் துணைத் தலைவராகவும் விளங்கினார்.

1935ஆம் ஆண்டின் சட்டம் மன்றத்தை இரண்டாகப் பிரித்தது. 1937இல் இரு அவைகளுக்கும் தேர்தல் நடந்தது. கீழவையின் 215 இடங்களுள் 159ஐக் காங்கிரஸ் பெற்றது. மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 46 இடங்களுள் 27ஐப் பெற்றது. அந்நாளில் மேலவைக்கு வாக்களிக்கும் உரிமை பெருஞ்செல்வம் உடையோர் முதலிய மிகச் சிலர்க்கே இருந்தது. அச்சிலரும் விடுதலை இயக்கத்திற்கே பெரும்பான்மை அளித்தனர் என்பது அத்தேர்தலின் சிறப்பாகும்.

நாடு விடுதலை பெற்ற பின், செல்வத்தால் வாக்குரிமை அளக்கும் முறை ஒழிந்தது. இந்திய அரசியலமைப்பின்படி மேலவை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினரை நகராட்சி முதலிய உள்ளாட்சி மன்றங்களின் உறுப்பினர் தேர்ந்தெடுப்பர். மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டப் பேரவை உறுப்பினர் தேர்ந்தெடுப்பர். பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், மற்றொரு பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களும் தேர்ந்தெடுப்பர். எஞ்சிய ஆறில் ஒரு பங்கினரை இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகிய துறைகளிலிருந்து ஆளுநர் நியமிப்பார். உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். ஆகவே அவை ஒருபோதும் முழுமையாகக் கலைவதில்லை.

இத்தேர்தலில் வாக்கு எண்ணும் முறையும் வேறானது. வாக்காளர் தம் விருப்ப வரிசையை 1, 2, 3 என்று எண்களால் குறிப்பர். ஓரிடத்திற்கு அ, ஆ, இ என்னும் மூவர் போட்டியிடுவதாகவும், செல்லத்தக்க வாக்குகள் 1,200 எனவும் கொள்வோம். வெற்றிக்கு 601 வாக்கு வேண்டும். முதல் விருப்பம் அ என்பவர்க்கு 500, ஆ என்பவர்க்கு 400, இ என்பவர்க்கு 300 என அமைந்தால் எவரும் வென்றவராகார். கடைசியில் நிற்கும் இ நீக்கப்படுவார். அவருடைய 300 சீட்டுகளில் இரண்டாம் விருப்பம் அ என்பவர்க்கு 80, ஆ என்பவர்க்கு 220 என்றிருப்பின், அ 580 பெறுவார். ஆ 620 பெற்று வெற்றி அடைவார். முதலில் முந்தியவர் இறுதியில் தோற்பதும் உண்டு. தம்மவர் அன்பை மட்டுமன்றிப் பிறருடைய நன்மதிப்பையும் பெற்றவரே வெல்வர்.

எனினும் மேலவையைப் பற்றி ஐயங்கள் எழாமல் இல்லை. தென்காசியில் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவர் பேரவைக்கு ஒன்று, பட்டதாரித் தொகுதிக்கு ஒன்று, ஆசிரியர் தொகுதிக்கு ஒன்று என மாநிலச் சட்டமன்றத்திற்கு மூன்று வகையில் வாக்களிக்க இயன்றது. அவர் உண்ணும் நெல்லை விளைவித்த உழவர்க்கோ வாக்கு ஒன்றே. கல்வி போற்றத் தக்கதே. ஆயின் அது கூடுதல் வாக்குக்கு உரிமை ஆகுமா? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சகத்தில் எழுத்துக் கோத்து, தம் முயற்சியால் அறிஞராகிய ம. பொ. சிவஞானம் அம்மேலவைக்கே தலைவராக வீற்றிருந்தார். அறிவு பட்டத்தில் மட்டும் அடங்குவதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

வேறொரு குறையும் கூறப்பட்டது. 1952இல் பேரவைத் தேர்தலில் போட்டியிடாத இராஜாஜி, மேலவைக்கு நியமனம் பெற்று முதலமைச்சரானார். மக்கள் வாக்கைப் பெறாமல் ஆட்சித் தலைமை ஏற்பது முறையா என்று சிலர் வினவினர். மேலும், மேலவை ஒரு மசோதாவைச் சில திங்கள் தாழ்த்தலாமேயன்றித் தடுத்துவிட இயலாது. பண மசோதாவைப் பதினான்கு நாளுக்குமேல் வைத்திருக்கவும் இயலாது. இத்துணைச் சிறிய அதிகாரத்திற்கு இத்துணைச் செலவு எதற்கு என்பார் ஒருசாரார். கருத்துரைக்கும் நேரமே பெரும் பயன், பேரவையில் இடம்பெறாத புலவரும் தொண்டரும் பேசுதற்கு வேறிடம் இல்லை என்பார் மற்றொரு சாரார்.

இறுதியில் தமிழ்நாட்டுப் பேரவை 1986இல் மேலவை வேண்டா என்று தீர்மானித்தது. நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்ற, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மேலவை மறைந்தது. 2010இல் அதனை மீண்டும் அமைக்க நாடாளுமன்றம் சட்டம் செய்தது. எனினும் 2011இல் ஆட்சி மாறியபின் அம்முயற்சி கைவிடப்பட்டது. கருநாடகம், ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இன்று மேலவை உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இல்லை.

மேலவை மறைந்ததால் ஆராய்ந்து முடிவு செய்யும் கடமை மறைந்துவிடவில்லை. முன்பு இரண்டு அவைகள் பகிர்ந்துகொண்ட பொறுப்பு இப்பொழுது ஓர் அவையின்மீது நிற்கின்றது; அவ்வவையைத் தேர்ந்தெடுக்கும் மக்கள்மீதும் நிற்கின்றது. பதினெட்டு வயது நிரம்பியதும் இன்றைய மாணவரும் அப்பொறுப்பை ஏற்பர். ஆரவாரத்தில் மயங்காமல், மாற்றுக் கருத்தையும் பொறுமையுடன் கேட்டு, எண்ணித் துணிந்து வாக்களிக்கும் குடிமக்கள் உள்ள நாட்டில் சட்டங்களும் நிதானம் உடையனவாக விளங்கும்.